ஏழு நிமிடச் சிரிப்பு: பழைய கார்ட்டூன் குறும்படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஹாலிவுட் கார்ட்டூன்களை நான் சின்ன வயதில் பார்த்துச் சிரித்தேன். பெரியவனான பிறகு அதே படங்களை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்க்கத் தொடங்கினேன். சிரிப்பு குறையவில்லை. வீட்டுக்கு வரும் பிள்ளைகளும், படம் வரையக் கற்பவர்களும், உடன் வேலை பார்ப்பவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. தெரிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன்.

எந்தக் கார்ட்டூன்களைப் பற்றிப் பேசுகிறோம்?

அமெரிக்காவில் 1928-க்கும் 1960-களின் தொடக்கத்துக்கும் இடையில், தியேட்டரில் காட்டுவதற்காக எடுத்த ஆறேழு நிமிடப் படங்கள். மிக்கி மவுஸ், பெட்டி பூப், பாப்பாய், பக்ஸ் பன்னி, டாஃபி வாத்து, டாமும் ஜெர்ரியும், ரோடு ரன்னரும் அதைத் துரத்தும் கொயோட்டியும் எல்லாரும் அந்த முப்பத்து சொச்சம் வருடங்களுக்குள் திரைக்கு வந்தவர்கள்தான்.

1928-ஐத் தொடக்கமாக வைக்கக் காரணம் உண்டு. அந்த வருடம் நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் 'ஸ்டீம்போட் வில்லி' வெளியானது. மிக்கி விசிலடித்தபடி படகை ஓட்டும் படம். அதற்கு முன்பும் கார்ட்டூன்கள் இருந்தன. வின்சர் மெக்கே 1914-லேயே கெர்ட்டி என்ற டைனோசரை வரைந்து, தான் மேடையில் நின்றுகொண்டு திரையில் இருக்கும் அதற்குக் கட்டளையிடுவார். அதுவும் கேட்கும், சில சமயம் அடம்பிடிக்கும். 1920-களில் ஃபீலிக்ஸ் என்ற கறுப்புப் பூனை ஊமைப்படங்களில் கொடிகட்டிப் பறந்தது. ஆனால் அசைவும் ஓசையும் ஒரே நொடியில் வந்து விழுவதைப் பார்த்தபோதுதான் கூட்டம் வாயைப் பிளந்தது. இந்தப் படங்களின் நகைச்சுவைக்கு அந்தப் பொருத்தம்தான் அடித்தளம்.

இவை குழந்தைகளுக்காக எடுத்தவைதானே?

இல்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள்.

அன்றைய தியேட்டரில் ஒரு டிக்கெட்டுக்குச் செய்திப்படம், குறும்படம், கார்ட்டூன், அப்புறம் முழுநீளப் படம் என்று எல்லாம் சேர்த்துக் காட்டுவார்கள். கூட்டத்தில் தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை இருப்பார்கள். அவ்வளவு பேரையும் ஒரே நேரத்தில் சிரிக்கவைக்க வேண்டும். எடுத்தவர்களோ பெரும்பாலும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்த இளைஞர்கள். தங்களுக்குச் சிரிப்பு வந்ததை எடுத்தார்கள். வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவின் கார்ட்டூன்களை இயக்கிய சக் ஜோன்ஸ் பிற்காலத்தில் இதையே சொன்னார்: நாங்கள் குழந்தைகளுக்காகவும் எடுக்கவில்லை, பெரியவர்களுக்காகவும் எடுக்கவில்லை, எங்களுக்காக எடுத்தோம் என்று.

அதனால்தான் அன்றைய சினிமா நட்சத்திரங்களைக் கிண்டல் செய்வார்கள், போர்க்காலப் பங்கீட்டைப் பற்றிப் பேசுவார்கள். 1943-ல் வந்த 'ஃபாலிங் ஹேர்' படத்தின் முடிவில் பக்ஸ் பன்னி இருக்கும் விமானம் மூக்குக் குப்புறத் தரையை நோக்கிப் பாய்கிறது. மோதப்போகிற கணத்தில், தரைக்குச் சற்று மேலே, அப்படியே அந்தரத்தில் நின்றுவிடுகிறது. பெட்ரோல் தீர்ந்துவிட்டதாம். போர்க்காலத்தில் 'ஏ' அட்டை வைத்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் பெட்ரோல்தான் கிடைக்கும். அந்த அட்டையைக் குறிப்பிட்டு ஒரு வரி பேசுவான் பக்ஸ். தியேட்டரில் இருந்த அத்தனை பேர் பையிலும் அப்படி ஏதாவது ஒரு அட்டை இருந்திருக்கும். இன்றைய குழந்தைக்கு அட்டை தெரியாது. அந்தரத்தில் நிற்கும் விமானம் போதும், சிரித்துவிடும்.

குழந்தைகள் படம் என்ற பெயர் பின்னால் ஒட்டியது. பழைய கார்ட்டூன்களை டிவிக்காரர்கள் மொத்தமாக வாங்கி, பிள்ளைகள் பார்க்கும் நேரத்தில் ஒளிபரப்பினார்கள். நம் வீடுகளுக்கும் கேபிள் டிவி வழியாக அப்படித்தான் வந்துசேர்ந்தன.

ஏழு நிமிடம் என்பது என்ன கணக்கு?

நிகழ்ச்சியில் கார்ட்டூனுக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். ஒரு ஃபிலிம் சுருளுக்குள் முடிய வேண்டும். அந்த நெருக்கடி நல்லதே செய்தது என்று நினைக்கிறேன். சுற்றி வளைக்க நேரமில்லை. பூனை யார், எலி யார், யாருக்கு என்ன வேண்டும் என்பதெல்லாம் முதல் அரை நிமிடத்தில் புரிந்தாக வேண்டும்.

அதைக் கையால் வரைய எவ்வளவு உழைப்பு பிடிக்கும்?

ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். ஏழு நிமிடத்துக்கு 10,080 ஃப்ரேம். வழக்கமாக ஒரு ஓவியத்தை இரண்டு ஃப்ரேம்களுக்கு நிறுத்திப் படமெடுப்பார்கள். அப்படிப் பார்த்தாலும் ஐயாயிரத்துக்கு மேல். இரண்டு பாத்திரங்கள் ஒரே நேரத்தில் அசைந்தால் இன்னும் கூடும்.

முதலில் கதைக்காரர்கள் சின்னச் சின்னப் படங்களாக வரைந்து சுவரில் குத்திவைப்பார்கள். இயக்குநர் அதைப் பார்த்து, எந்த அசைவுக்கு எத்தனை ஃப்ரேம் என்று தாளில் கட்டம் கட்டமாக எழுதுவார். முதன்மை அனிமேட்டர் ஓர் அசைவின் தொடக்கம், உச்சம், முடிவு ஆகியவற்றை வரைய, இடைப்பட்ட படங்களை உதவியாளர்கள் நிரப்புவார்கள். அப்புறம் அவ்வளவையும் ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாளில் மையால் நகலெடுத்து, தாளின் பின்பக்கம் வண்ணம் பூச வேண்டும். இந்த மை, வண்ண வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கை நடுங்காமல் ஒரே வீச்சில் கோடு இழுக்க வேண்டும். அவர்களில் மிகப் பலருடைய பெயர் திரையில் வரவே இல்லை. செல்லுலாய்டு விலை அதிகம் என்பதால் படம் பிடித்து முடிந்ததும் பல தாள்களைக் கழுவி மறுபடியும் பயன்படுத்தினார்கள். இன்று ஏலத்தில் பெரும் விலை போகிற பொருள், அன்று தண்ணீரோடு போயிற்று.

அப்படி என்னதான் சிரிப்பு வரவைக்கிறது? அடித்துக்கொள்வது மட்டும்தானே?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொயோட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கொயோட்டி என்பது அமெரிக்கப் பாலைவனங்களில் திரியும் ஓநாய்க்குச் சொந்தக்கார விலங்கு. மார்க் ட்வைனின் பயண நூல் ஒன்றில் எப்போதும் பசியோடு அலையும் கொயோட்டியைப் பற்றிச் சின்ன வயதில் படித்தது சக் ஜோன்ஸின் மனதில் தங்கிவிட்டது. 1949-ல் அவரும் கதைக்காரர் மைக்கேல் மால்டீஸும் சேர்ந்து, ரோடு ரன்னர் என்ற வேகமாக ஓடும் பறவையை அது துரத்துவதாக ஒரு படம் எடுத்தார்கள். துரத்தல் படங்களையே கேலி செய்யத்தான் அதை எடுத்தார்கள். மக்களோ துரத்தலையே ரசித்து, இன்னும் வேண்டும் என்றார்கள்.

இப்போது அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். கொயோட்டி பாறை விளிம்பைத் தாண்டி ஓடிவிடுகிறது. கீழே ஒன்றுமில்லை. ஆனால் விழவில்லை. காலால் துழாவுகிறது. மெதுவாகக் கீழே பார்க்கிறது. பிறகு நம்மைப் பார்க்கிறது. அந்தப் பார்வையில் எல்லாம் இருக்கிறது: 'நடக்கப்போவது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.' அப்புறம்தான் விழுகிறது. மேலிருந்து பார்க்கிறோம். உருவம் சிறுத்துச் சிறுத்து மறைகிறது. அமைதி. தரையில் ஒரு சின்னப் புழுதி, 'புஃப்' என்று.

ஜோன்ஸ் இதற்குக் கணக்கு வைத்திருந்தார். விழுந்து கண்ணுக்கு மறைய 18 ஃப்ரேம். அதன் பிறகு 14 ஃப்ரேம் கழித்துப் புழுதி. அந்த 14 ஃப்ரேம் அரை நொடிக்குச் சற்று மேல்தான். அந்த அரை நொடியில் திரையில் எதுவுமே நடப்பதில்லை. சிரிப்பு அங்கேதான் கூடுகிறது. இரண்டு ஃப்ரேம் முன்பே புழுதி வந்தால் அது வெறும் விழுதல். நாலைந்து ஃப்ரேம் தாமதித்தால் நாம் அதை மறந்திருப்போம். நல்ல மிருதங்கக்காரர் ஒரு தட்டைக் கொஞ்சம் பிடித்துவைத்து, நாம் எதிர்பார்த்துத் தவிக்கும்போது விடுவாரே, அது மாதிரி.

அடி எங்கே விழுகிறது என்பதைவிட, அடிக்கு முன்னும் பின்னும் முகம் என்ன செய்கிறது என்று பாருங்கள். இந்தப் படங்களை எடுத்தவர்கள் தங்கள் நேரத்தை அங்கேதான் செலவழித்தார்கள்.

கொயோட்டி ஒருமுறைகூட ஜெயிக்காததைப் பார்த்தால் பாவமாக இருக்கிறதே?

இருக்க வேண்டும். அதற்காகத்தான் அப்படி வரைந்திருக்கிறார்கள். ரோடு ரன்னர் அதற்கு ஒரு கெடுதலும் செய்வதில்லை. பாதையில் ஓடுகிறது, 'பீப் பீப்' என்கிறது, போய்விடுகிறது. கொயோட்டிக்கு நேர்வதெல்லாம் அதுவே ஏற்பாடு செய்தது. ஆக்மி என்ற கற்பனை நிறுவனத்திடம் தருவித்த ராக்கெட் எதிர்ப்பக்கம் பாயும், வைத்த வெடி வைத்தவன் கையில் வெடிக்கும். தன்வினை தன்னைச் சுடும் என்பதை இவ்வளவு பொறுமையாக யாரும் படம்பிடித்ததில்லை. எந்த நிமிடமும் அது துரத்துவதை விட்டுவிடலாம். விடாது. ஆசைப்பட்டதை விடமுடியாமல் திரும்பத் திரும்ப மூக்குடைபட்ட எவருக்கும் அந்த முகம் பழக்கமானது.

அந்த 'பீப் பீப்' வந்த கதையும் அழகானது. பால் ஜூலியன் என்ற பின்னணி ஓவியர், பெரிய ஓவியங்களைச் சுமந்துகொண்டு ஸ்டுடியோ நடைபாதையில் வேகமாகப் போகும்போது, எதிரே வருபவர்கள் விலகட்டும் என்று வாயால் அப்படிச் சத்தம் கொடுப்பாராம். அதையே பறவைக்குக் குரலாக வைத்துவிட்டார்கள்.

இசை இவ்வளவு பொருந்திப்போவது எப்படி?

பொருத்தியதால் அல்ல, சேர்த்தே திட்டமிட்டதால். எத்தனை ஃப்ரேமுக்கு ஒரு தாளம் என்று முதலிலேயே முடிவாகிவிடும். அனிமேட்டர் அந்தத் தாளத்துக்கு வரைவார், இசையமைப்பாளர் அதே தாளத்துக்கு எழுதுவார்.

வார்னரில் 1936 முதல் 1958 வரை இசையமைத்தவர் கார்ல் ஸ்டாலிங். ஊமைப்படக் காலத்தில் கான்சாஸ் நகரத் தியேட்டர்களில் படம் ஓடும்போது உட்கார்ந்து வாசித்தவர். திரையில் யாராவது கதவைத் திறந்தால் கை தானாக அதற்கேற்ப நகரும் பழக்கம் அவருக்கு அங்கேயே வந்திருக்க வேண்டும். டிஸ்னியின் முதல் பேசும் கார்ட்டூன்களுக்கும் அவர் வேலை செய்திருக்கிறார். எலும்புக்கூடுகள் ஆடும் 1929-ன் 'ஸ்கெலிட்டன் டான்ஸ்' அவற்றில் ஒன்று. வார்னரில் அவருக்குக் கிடைத்த பெரிய சொத்து இரண்டு: அந்த நிறுவனத்தின் சொந்தப் பாட்டுகள் அடங்கிய பெரிய நூலகம், முழுநீளப் படங்களுக்கு வாசித்த அதே பெரிய வாத்தியக் குழு. சாப்பாட்டுக் காட்சி என்றால் பாட்டின் தலைப்பில் சாப்பாடு இருக்கும் ஒரு மெட்டை நாலு நொடிக்கு எடுத்து வைத்துவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவார். தொழிற்சாலை, இயந்திரம் என்றால் ரேமண்ட் ஸ்காட்டின் 'பவர்ஹவுஸ்' வரும். பெயர் தெரியாமலே அந்த மெட்டு உங்களுக்குத் தெரியும்.

சத்தங்களைச் சேர்த்தவர் ட்ரெக் பிரவுன். நாம் எதிர்பார்க்கும் சத்தத்துக்குப் பதில் வேறொன்றை வைப்பதில் கெட்டிக்காரர். எம்.ஜி.எம் ஸ்டுடியோவில் டாம் அண்ட் ஜெர்ரிக்கு இசையமைத்த ஸ்காட் பிராட்லி வேறு மாதிரி. இரவல் மெட்டுகளைக் குறைத்துத் தானே எழுதுவார். அக்காலத்து நவீன இசையின் கரடுமுரடான ஒலிகளைப் பூனை எலிச் சண்டைக்குள் கொண்டுவந்துவிடுவார். ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு ஒரு முழு டாம் அண்ட் ஜெர்ரியைக் கேட்டுப் பாருங்கள். என்ன நடக்கிறதென்று ஏறக்குறைய எல்லாமே புரியும்.

டாமும் ஜெர்ரியும் பேசாமலே எல்லா நாட்டிலும் ஓடியது அதனால்தானோ?

பாதி அதனால். மொழி தெரியாத என் பாட்டிகூட அந்தப் பூனைக்காக உச்சுக் கொட்டியிருக்கிறார்.

1940-ல் வந்த முதல் படத்தில் பூனையின் பெயர் ஜாஸ்பர். எலிக்குத் திரையில் பெயரே இல்லை. பூனை எலி கதைதானே, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று ஸ்டுடியோவில் பலர் நினைத்தார்கள். படம் ஓடியது, ஆஸ்கார் பரிந்துரையும் பெற்றது. பிறகு தொடரச் சொன்னார்கள். புதுப் பெயருக்கு ஸ்டுடியோவுக்குள்ளேயே ஒரு போட்டி வைத்து, டாம், ஜெர்ரி என்று சொன்ன அனிமேட்டருக்கு 50 டாலர் பரிசு கொடுத்தார்கள்.

இந்தப் படங்களை இயக்கியவர்கள் இருவர்: ஜோசப் பார்பெரா கதையும் படங்களும் போடுவார், வில்லியம் ஹானா டைமிங்கைப் பார்த்துக்கொள்வார். 1940 முதல் 1958 வரை 114 படங்கள், ஏழு ஆஸ்கார் விருதுகள். டாம் வாலை நசுக்கிக்கொண்டு அலறுமே, அந்த அலறல் ஹானாவின் சொந்தக் குரல்தான்.

ஆனால் என்னைக் கட்டிப்போடுவது டாமின் முகம். 1947-ல் வந்த 'கேட் கான்செர்ட்டோ'வில் டாம் கச்சேரி உடையில் பியானோ வாசிக்கிறது. லிஸ்ட் என்ற இசையமைப்பாளர் எழுதிய இரண்டாவது ஹங்கேரிய ராப்சடி. பியானோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஜெர்ரி எழுந்துவிடுகிறது. இதற்குப் பிறகு நடப்பதெல்லாம், சபை முன்னால் மானம் போகாமல் வாசித்து முடிக்க வேண்டும் என்ற ஒரு பெரிய மனிதரின் பாடு. உள்ளே எலி கட்டைகளைப் பிடித்து ஆட்டுகிறது, வெளியே முகத்தில் அதே பெருமிதம். கச்சேரி மேடை பார்த்துப் பழகிய நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

பக்ஸ் பன்னி ஏன் எப்போதும் ஜெயிக்கிறான்? சலிக்காதா?

முதலில் வம்புக்குப் போனால் சலிக்கும். அவன் போவதில்லை. வளைக்குள் நிம்மதியாக இருப்பான். யாரோ துப்பாக்கியோடு வருவார்கள், அல்லது வீட்டின் மேல் கட்டடம் கட்ட வருவார்கள். சீண்டினால்தான் பக்ஸ் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதில் ஜோன்ஸ் கறாராக இருந்தார். கொடுக்கும்போதும் பதற்றமில்லை. 1940-ல் டெக்ஸ் அவெரி இயக்கிய 'எ வைல்ட் ஹேர்' படத்தில், தன்னைச் சுட வந்தவன் பக்கத்திலேயே நின்று கேரட்டைக் கடித்துக்கொண்டு, 'என்ன விஷயம் டாக்டர்?' என்று விசாரிக்கிறான். பயப்பட வேண்டிய இடத்தில் அப்படி ஒரு சாவகாசம். பாத்திரம் முழுவதும் அந்த ஒரு வரியில் வந்துவிட்டது.

டாஃபி வாத்து அதற்கு நேர் எதிர். வயிற்றெரிச்சல், பேராசை, கௌரவம். 1951 முதல் 1953 வரை வந்த மூன்று படங்களில் 'இது முயல் வேட்டைக் காலமா, வாத்து வேட்டைக் காலமா' என்று இருவரும் வாதாடுவார்கள். ஒவ்வொரு தடவையும் டாஃபி பேச்சில் இடறி, தன்னையே சுடச் சொல்லிவிடும். நமக்குப் பக்ஸ் மாதிரி இருக்க ஆசை. ஆனால் நாம் பெரும்பாலும் டாஃபி. ஜோன்ஸும் ஏறக்குறைய இப்படித்தான் சொல்வார்.

இருவருக்கும் குரல் கொடுத்தவர் ஒரே ஆள், மெல் பிளாங்க். 1961-ல் கார் விபத்தில் நினைவிழந்து பல நாள் கிடந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் அசைவில்லை. மருத்துவர் ஒருவர் 'பக்ஸ் பன்னி, இன்றைக்கு எப்படி இருக்கிறாய்?' என்று கேட்டபோது, பக்ஸின் குரலில் பதில் வந்தது. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

டெக்ஸ் அவெரி பெயரை ஏன் எல்லாரும் தனியாகச் சொல்கிறார்கள்?

ஊதிப் பெருக்குவதில் அவருக்கு இணை கிடையாது. 1947-ன் 'கிங்-சைஸ் கேனரி'யில் பசித்த பூனை ஒரு நோஞ்சான் குருவியைப் பிடிக்கிறது. சாப்பிட இது போதாதே என்று செடி வளர்க்கும் மருந்தை ஊட்டுகிறது. குருவி பூனையைவிடப் பெரிதாகிவிட, பூனையும் குடிக்கிறது. நாய் குடிக்கிறது, எலி குடிக்கிறது. கடைசியில் பூனையும் எலியும் பூமி உருண்டைமேல் நிற்க இடமில்லாமல் கட்டிப்பிடித்து நின்றபடி, 'மருந்து தீர்ந்துவிட்டது, படத்தை முடித்துக்கொள்கிறோம்' என்று சொல்லிக் கையசைக்கின்றன. ஒரு சின்னப் பொய்யை ஏற்றுக்கொண்டால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று கடைசிவரை பின்தொடர்ந்து போகிறவர் அவர்.

1949-ன் 'பேட் லக் பிளாக்கி' என் மனதுக்கு மிக நெருக்கமான படம். பூனை குறுக்கே போனால் என்ன ஆகும் என்பது நமக்கும் தெரியும். ஒரு முரட்டு நாயிடம் மாட்டிக்கொண்ட குட்டிப் பூனைக்கு, ஒரு கறுப்புப் பூனை விசில் ஒன்றைக் கொடுத்து, ஆபத்தென்றால் ஊது என்கிறது. ஊதினால் கறுப்புப் பூனை நாய்க்குக் குறுக்கே ஒய்யாரமாக நடந்துபோகும். உடனே வானத்திலிருந்து ஒரு பூந்தொட்டி நாயின் தலையில் விழும். படம் மொத்தமும் இதுதான். ஆனால் விழும் பொருள் பெரிதாகிக்கொண்டே போகிறது; பியானோ, குளியல் தொட்டி, சாலை உருளை, பேருந்து, விமானம், கப்பல். எங்கிருந்து விழுகிறது என்று ஒருமுறைகூடக் காட்டமாட்டார். காட்டியிருந்தால் படம் கெட்டிருக்கும்.

இன்னொன்று. 1952-ன் 'மேஜிக்கல் மேஸ்ட்ரோ'வில் பாடகர் பாடும்போது திரையின் ஓரத்தில் ஒரு மயிர் துடிக்கும், புரொஜெக்டரில் சிக்கிக்கொண்டது போல. கொஞ்ச நேரம் துடித்ததும் பாடகர் பாட்டை நிறுத்தாமலே அதைப் பிடுங்கி எறிவார். அந்த மயிரையும் கையால்தான் வரைந்திருக்கிறார்கள்.

டிஸ்னியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

அவர்களிடம் எல்லாரும் கடன்பட்டவர்கள். 1932-ன் 'ஃப்ளவர்ஸ் அண்ட் ட்ரீஸ்' முழு வண்ண டெக்னிகலரில் வந்த முதல் கார்ட்டூன். கார்ட்டூனுக்கான முதல் ஆஸ்காரும் அதற்குத்தான். அடுத்த வருடம் மூன்று பன்றிக்குட்டிகள் படம். மூன்றும் பார்க்க ஒரே மாதிரி, நடத்தையில் வேறு வேறு. உருவத்தால் அல்லாமல் அசைவால் ஒரு பாத்திரத்தைப் பிரித்துக் காட்டலாம் என்று மற்றவர்கள் அதில் கற்றுக்கொண்டார்கள். ஆனால் சிரிப்புக்கு என்று கேட்டால் என் ஓட்டு வார்னருக்கும் எம்.ஜி.எம்-முக்கும்தான். டிஸ்னி பின்னால் அழகைத் தேடிப் போய்விட்டது.

பாப்பாய், பெட்டி பூப் படங்கள் ஏன் வேறு மாதிரி இருக்கின்றன?

அவை நியூயார்க்கில் மேக்ஸ், டேவ் ஃப்ளைஷர் சகோதரர்கள் எடுத்தவை. அந்தக் கைகால்களில் எலும்பே கிடையாது, ரப்பர் குழாய் மாதிரி வளையும். பின்னணியில் கிடக்கும் நாற்காலிக்கும் உயிர் வந்துவிடும். ஜாஸ் பாடகர் கேப் காலவேயை ஆடவைத்துப் படம்பிடித்து, அந்த அசைவின்மேல் கோடு வரைந்து ஒரு பேய் வால்ரஸை ஆடவிட்டிருக்கிறார்கள். நேரில் பிடித்த படத்தின்மேல் வரையும் அந்த முறை மேக்ஸ் கண்டுபிடித்ததுதான்.

பாப்பாயின் முணுமுணுப்பைக் கவனித்திருக்கிறீர்களா? அவர்கள் படத்தை வரைந்து முடித்த பிறகுதான் குரலைப் பதிவு செய்வார்கள். அதனால் ஜாக் மெர்சர் மைக் முன்னால் நின்று, வாய் அசையாத இடத்தில்கூடத் தோன்றியதை எல்லாம் முனகிவிடுவார். பாதி நகைச்சுவை அந்த முனகலில்தான்.

நாலு விரல், வெள்ளைக் கையுறை, ஏன்?

ஒரு விரல் குறைந்தால் ஆயிரக்கணக்கான கோடுகள் மிச்சம். சின்னக் கையில் ஐந்து விரல் பார்க்கவும் நெரிசல். கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பு உடம்பின்மேல் கறுப்புக் கை தெரியாது, அதற்குத்தான் கையுறை. மிக்கி 1929-ல் மாட்டிக்கொண்டான்.

இனத்தைக் கேலி செய்யும் காட்சிகளை என்ன செய்வது?

இருக்கின்றன, மறைக்க முடியாது. கறுப்பின மக்களையும், போர்க்காலத்தில் ஜப்பானியரையும், செவ்விந்தியரையும் கேவலமாக வரைந்த படங்கள் கொஞ்சம் அல்ல. டாம் அண்ட் ஜெர்ரியில் முகம் காட்டாமல் வரும் கறுப்பினப் பணிப்பெண் அப்படி ஒரு வார்ப்பு. வெடி வெடித்ததும் முகம் கரியாகி, உடனே கறுப்பினத்தவரைக் கிண்டல் செய்யும் வேடமாக மாறுவது இன்னொன்று. 1968-ல் வார்னர் படங்கள் 11-ஐ டிவி விநியோகத்திலிருந்து மொத்தமாக விலக்கினார்கள். பிற்கால டிவிடி தொகுப்புகளில், இந்தச் சித்திரிப்பு அன்றும் தவறு, இன்றும் தவறு என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டு வெட்டாமல் வெளியிட்டார்கள். எனக்கு அது நேர்மையாகப் படுகிறது. பிள்ளைகளோடு பார்க்கும்போது அந்த இடம் வந்தால் நிறுத்திவிட்டுப் பேசுகிறேன். அந்தக் காட்சியில் எனக்கும் சிரிப்பு வருவதில்லை.

இவ்வளவு அடிதடி பிள்ளைகளைக் கெடுக்காதா?

ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரி. பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. நான் பார்த்தவரை, இரும்புக் கல் விழுந்து தட்டையான டாம் அடுத்த காட்சியில் முழுசாக எழுந்துவருவதைக் குழந்தைகள் விளையாட்டின் விதியாகவே புரிந்துகொள்கிறார்கள். யாரும் சாகாத உலகம் அது.

பிறகு ஏன் நின்றுபோனது?

பணம். பெரிய ஸ்டுடியோக்கள் தங்கள் தியேட்டர்களைக் கைவிட வழிவகுத்த தீர்ப்பை 1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கியது. முழுநீளப் படத்தோடு குறும்படத்தையும் சேர்த்துத் தலையில் கட்டும் வியாபாரம் தளர்ந்தது. டிவி வந்தது. பழைய படத்தை மறுபடி வெளியிட்டாலே வசூல் வருகிறது, புதிதாக எதற்கு என்று கணக்குப் பார்த்து எம்.ஜி.எம் 1957-ல் தன் கார்ட்டூன் பிரிவை மூடியது. வார்னரும் 1963-ல் மூடியது. வேலை போன ஹானாவும் பார்பெராவும் டிவிக்குப் போனார்கள். அங்கே பட்ஜெட் மிகச் சிறியது. உடம்பை அசைக்காமல் வாயை மட்டும் அசைக்க வேண்டிய நிலை. பேச்சு கூடியது, அசைவு குறைந்தது. அவற்றிலும் நல்லவை உண்டு, ஆனால் அந்த 14 ஃப்ரேம் மௌனத்துக்கு அங்கே இடமில்லை.

புதிதாகப் பார்க்கிறவர்கள் எங்கே தொடங்கலாம்?

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் 'கேட் கான்செர்ட்டோ'. வரைகிறவர் என்றால் ஜோன்ஸின் 1953 படமான 'டக் அமக்'. அதில் டாஃபி, தன்னை வரைந்துகொண்டிருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஓவியரோடு மல்லுக்கட்டுகிறது. பின்னணி மாறுகிறது, குரல் போகிறது, உடம்பே அழிகிறது. அப்போதும் அது டாஃபிதான் என்று தெரிகிறது. அதற்குப் பிறகு 1955-ன் 'ஒன் ஃபிராகி ஈவினிங்'. ஒரே ஒரு ஆளுக்கு முன்னால் மட்டும் பாடி ஆடும் தவளை; ஊரைக் கூட்டினால் 'க்ராக்' என்று உட்கார்ந்துகொள்ளும். பாட்டைத் தவிர வசனமே இல்லை. 1957-ன் 'வாட்ஸ் ஓபரா, டாக்?' கடைசியில் பாருங்கள், பக்ஸும் அவனைச் சுட வரும் வேட்டைக்காரன் எல்மரும் நன்றாகப் பழக்கமான பிறகு.

முடிந்தால் நாலு பேரோடு சேர்ந்து பாருங்கள். தியேட்டர் கூட்டத்துக்காக எடுத்தது. ஒருவர் சிரிக்க ஆரம்பித்தால் மற்றவருக்கும் தொற்றும்.

ஒரே படத்தை இத்தனை தடவை பார்க்க அலுப்பாக இருக்காதா?

போன மாதம் அக்கா மகளோடு 'பேட் லக் பிளாக்கி' பார்த்தேன். எனக்கு எத்தனையாவது தடவை என்று நினைவில்லை, அவளுக்கு முதல் தடவை. முதல் விசிலுக்கு ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். இரண்டாவதற்குச் சிரித்தாள். அதற்கடுத்த விசில் கேட்டதும் அவள் டிவியைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்தாள்.